பொட்டலம் பிரிக்காத விஞ்ஞானி

சோதனைக்குழாயைச் சூடாக்காமலே வேதியியலைக் கரைத்துக் குடித்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். காவிரியில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு; திருச்சியில் இந்த இனத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் "என்ன வந்துச்சு?" என்று கேட்பார்கள். இவர் கேட்பது, "என்ன வரணும்?"

வரவேண்டியது தெரிந்துவிட்டால் பிறகென்ன? பியூரெட்டில் அமிலத்தை ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறக்கி, நிறம் மாறும் கணத்துக்காகக் கண்கொட்டாமல் நிற்பதெல்லாம் விவரம் போதாதவர்கள் வேலை. இவர் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, மூன்று முறையும் ஒரே அளவை எழுதி, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று நடுவில் ஒன்றை மட்டும் ஒரு புள்ளி கூட்டி வைப்பார். ரெக்கார்டு நோட்டா? போன வருஷத்து அண்ணனுடையது இருக்கிறது. அண்ணன் செய்த தப்புகளும் அதில் பத்திரமாக இருக்கின்றன. அவையும் இதில் வந்து சேரும்.

எனக்குப் பக்கத்து மேஜை தைரியராஜ் இந்த இனத்தின் திலகம். எண்பத்திரண்டில் நாங்கள் பிளஸ் டூ. மகன் டாக்டராகப் போகிறான் என்று அவன் அம்மா சகாயம்மாள் எடமலைப்பட்டி புதூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்பா கறாராகச் சொன்னது வேறு: "பிராக்டிகல்ல கோட்டை விட்டேன்னா, காந்தி மார்க்கெட் மண்டியில மாமாவோட வாழைத்தார் இறக்கப் போயிடணும்."

பரீட்சை நாளும் வந்தது. எண் போட்ட பொட்டலத்தில் ஆளுக்கோர் உப்பு தருவார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மதியப் பிரிவுக்காரனான தைரியராஜ், முடித்துவிட்டு வெளியே வந்த காலைப் பிரிவு முழுவதையும் வாசலிலேயே மடக்கினான்.

"லூர்து, உனக்கு எத்தனாம் நம்பர்டா?"

"ஏழு. நவச்சாரம்."

இப்படியே எல்லா எண்களும் மனப்பாடம். உள்ளே போனால் அவனுக்கு வந்ததும் ஏழு!

சாப்பாட்டு நேரத்தில் தேர்வாளர் எண்களை மாற்றிப் போட்டிருந்தார். அது தைரியராஜுக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையே! நிறம்: வெள்ளை. சூடாக்கினால் அடர்ந்த வெண்புகை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. முடிவு: நவச்சாரம் என்னும் அம்மோனியம் குளோரைடு. மூன்று பக்கம், அடிக்கோடுகளுடன். பிறகு, ஒரு மரியாதைக்காகப் பொட்டலத்தைப் பிரித்தான்.

உள்ளே நீலம். பளீரென்ற மயில்துத்தம்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. தேர்வாளர் வீரராகவாச்சாரி, ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றி நிறையத் திருமண்ணோடு மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தார். ஏதாவது செய்வதுபோல் காட்ட வேண்டுமே! "வேளாங்கண்ணி மாதாவே" என்று முணுமுணுத்தபடி, நீலத்தைக் குழாயில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். குழாயின் வாயோரம் நீர்த்துளிகள் அரும்பின. நீலம் மெல்ல வெளுத்துச் சுண்ணாம்பு போலாயிற்று. மாதா புதுமை செய்துவிட்டாள்!

"என்ன உப்புடா அம்பி?"

"நவச்சாரம் சார்."

"கலர்?"

"வெள்ளை சார்!" வெற்றியோடு குழாயை நீட்டினான்.

ஆச்சாரியார் குழாயை வாங்கிக்கொண்டார். குழாய் ஆறும்வரை நின்று, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். போன நீலம் குபீரென்று திரும்பி வந்தது. சூடு பட்டால் மயில்துத்தத்துக்குள் இருக்கும் தண்ணீர் போய் வெளுக்கும், தண்ணீர் பட்டால் மறுபடி நீலமாகும். ஆரம்பப் பாடத்திலேயே உள்ள சங்கதி.

"இன்னும் கால் மணி இருக்கு. எழுதினதையெல்லாம் அடிச்சுடு. இப்போ கண்ணால பார்த்ததை மட்டும் எழுது, போறும். பாஸ் போட்டுடறேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

வேறு யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்திருப்பார்கள். தைரியராஜ் பேனாவைத் திறந்தான். குழாயைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"டேய், நான் என்னடா பார்த்தேன்?"

அந்த ஜூனில் அவன் மண்டிக்குப் போனான். தாரைத் திரும்பிப் பார்க்காமலே எத்தனை சீப்பு என்று சொல்லிவிடுவதாகக் கேள்வி.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் ஞாபகம் வந்து, "அவனேதான்!" என்று சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். அது நீங்கள் இல்லை என்று எந்தச் சோதனை செய்து முடிவு கட்டினீர்கள்?