சூரியன் மேல் புகார் கொடுத்தவர்

சூரியன் மேல் நகராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் காரைக்குடியில், நான் தங்கியிருந்த லாட்ஜில், என் பக்கத்து அறையில் இருந்தார்.

அறுபதுகளின் கடைசி. நான் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா. அவர் சர்வே ஆபீஸில் வரைபடம் போடுகிறவர். ஐம்பதை நெருங்கிய பிரம்மச்சாரி, சொந்த ஊர் திருப்பத்தூர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊருக்கு அவர் மனு சார். குளத்துத் தவளைகள் முறை வைக்காமல் கத்துகின்றன என்று மனு. தபால் பெட்டியின் வாய் குள்ளமானவர்களுக்கு எட்டவில்லை என்று மனு. எங்கள் லாட்ஜ் மாடிப்படியில் பதினோராவது படி மற்ற படிகளைவிட அரை அங்குலம் உயரம் என்று வரைபடத்தோடு ஒரு மனு. சிரித்துக்கொண்டே அளந்து பார்த்தோம். அரை அங்குலம் உயரம்தான்.

அந்த வருஷம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் மாடி முகப்பை உள்பக்கமாகக் குழித்துக் கட்டி, அந்த வளைவு முழுக்க ரசம் பூசிய கண்ணாடிப் பட்டைகளைப் பதித்தார். கிழக்குப் பார்த்த கடை. காலையில் அது ஜொலிப்பதைப் பார்க்கவே நெற்குப்பை ஊரிலிருந்துகூட ஆள் வந்தது.

எதிர்ச்சாரியில் செல்லம்மா சாக்கு விரித்து பிளாஸ்டிக் சாமான் விற்றாள். புருஷன் இல்லாதவள். அந்தச் சாக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. கண்ணாடி வந்ததிலிருந்து அவளுடைய குவளைகள் குனிந்தன. சீப்புகள் முறுக்கிக்கொண்டன. சோப்பு டப்பா மூட மறுத்தது. மட்டமான சரக்கு என்று ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவள் எலுமிச்சம்பழம் கட்டினாள். பழம் ஒரு பக்கம் கருகியது.

குவளை வாங்கப் போன மனு சாருக்கு அங்கே வழுக்கைத் தலை சுட்டது. ஓரடி நகர்ந்தார், சுடவில்லை. திரும்ப வந்தார், சுட்டது. பத்து மணியிலிருந்து பதினொன்று வரை தன் தலையையே கருவியாக வைத்து அளந்து, தெருவில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"ஆத்தா, சாமானுல குத்தமில்ல. அந்த வளைஞ்ச கண்ணாடி வெயிலையெல்லாம் கூட்டி அள்ளி ஒரே எடத்துல கொட்டுது. அந்த எடத்துல நீ ஒக்காந்திருக்கே."

"அப்ப நான் எங்குட்டு சார் போவேன்?"

"நீ எதுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டு நேரே நகராட்சிக்கு நடந்தார். துணைக்கு நான்.

"யாரு மேல புகாரு?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

"சூரியன் மேல. ரெண்டாவது, ஜவுளிக்கடை முதலாளி மேல."

"மொத ஆளுக்கு விலாசம்?"

"கிழக்கு."

குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கிருந்து ஜவுளிக்கடைக்குப் போனோம். முதலாளி காபி வரவழைத்துக் கொடுத்தார். "வெயில நானா சார் உண்டாக்குறேன்?"

"உண்டாக்கல. திருப்பி விடுறீக," என்றார் மனு சார். காபியைக் குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆபீஸில் தினம் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, செல்லம்மாவின் சாக்குக்கு முன்னால் குடை விரித்து நின்றார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். ஒரு வாரத்தில் தெருவுக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. செல்லம்மாவே சொல்லிவிட்டாள்: "சார், ஊரு ஒரு மாதிரி பேசுது. நீங்க வர வேணாம்."

மனு சார் ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினார். கையில் இரண்டு குடை.

"ஒருத்தன் நின்னா பேசுவாக தம்பி. ரெண்டு பேரு நின்னா நகராட்சி வேலைன்னு நெனச்சுக்கிருவாக."

அப்படியே நினைத்துக்கொண்டார்கள். எங்களிடம் தண்ணீர் வரி பற்றிக்கூட இரண்டு பேர் விசாரித்தார்கள்.

பங்குனி மாதம். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியை ஒருவர் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மாடுகள் நுகத்தடியிலேயே நின்றன. நாங்கள் அவரைத் தேடிக் கூப்பிடுவதற்குள் வைக்கோலிலிருந்து புகை கிளம்பியது. மாடுகள் மிரண்டால் வண்டி ஏறுவது செல்லம்மாவின் மேல்தான். மனு சார் குடையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, கனன்ற வைக்கோலை வெறுங்கையால் பிடுங்கித் தெருவில் போட்டார். பிடுங்கிக்கொண்டே இருந்தார். செல்லம்மா குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை வண்டி மேல் வீசினாள். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். எனக்கு மாடு பிடிக்கத் தெரியாது. நல்லவேளை, அது மாட்டுக்குத் தெரியாது.

புகை அடங்கியபோது மனு சாரின் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஓடி வந்த முதலாளி, வெயில் விழுந்த இடத்தில் தன் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கண்ணாடி முழுக்கச் சாக்குப் படுதா தொங்கியது. மறுவாரம் சுண்ணாம்பே அடித்துவிட்டார். லாட்ஜுக்கு வந்து, "மன்னிச்சிருங்க சார்" என்று நின்றார்.

"எங்கிட்ட எதுக்கு? செல்லம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். நகராட்சி பதில் ஆறு மாதம் கழித்து வந்தது. முதல் எதிரி நகராட்சி எல்லைக்குள் வசிப்பவர் அல்லவாம்.

மூன்று வாரம் மனு சார் கையில் கட்டு. பேனா பிடிக்க முடியாது. "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதுறேன்" என்று தினமும் காகிதத்தோடு போய் நின்றேன். "இப்போதைக்கு ஊரு நல்லாத்தான் தம்பி இருக்கு. எழுத ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடுவார். அந்த மூன்று வாரமும் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. லாட்ஜ் ரசத்தில் ஒரு நாள் உப்புக் கரித்தது. அதையும் குறை சொல்லாமல் குடித்தார். வேலை முடிந்து களைத்து வருகிற என்னை எழுத வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ஊரையே தொந்தரவு செய்தவர் என்று அவரைச் சொல்வார்கள். என்னை அவர் அளவுக்குத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.