மேஜர் திரும்ப மூச்சுவிட்ட விதம்

ஓப்பநாயக்க
வியாழக்கிழமை

அன்புள்ள மருமகன் தினேஷுக்கு,

நான் சாகவில்லை. செவ்வாய்க்கிழமை என் அடக்கம் எத்தனை மணிக்கு என்று நீ தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்துக் கேட்டதாக அறிந்தேன். விசாரித்ததற்கு நன்றி. நான் நலம். நீங்களும் நலமென நம்புகிறேன்.

அன்று என் வீட்டு முற்றத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட்டார்கள். தப்புக்காரக் கன்னையா, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் தப்படித்து எல்லோருக்கும் அறிவித்துவிட்டு வந்து நின்றான். ஊசி போட வந்தவர் குருவிட்ட ஊர் மிருக டாக்டர் நுஸ்ஹா. முப்பது வயதுகூட இராது. வரிசையில் நின்ற நம் நாய் மேஜர் எங்கோ பொறுக்கிய பலாக்கொட்டையை விழுங்கி, தொண்டை அடைத்து விழுந்துவிட்டான். தோட்டத்துக் கிளாக்கராயிருந்த உன் மாமா போனபிறகு என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கும் உயிர் இந்த வீட்டில் அவன் ஒருவன்தான். டாக்டர் விரலை விட்டுக் கொட்டையை எடுத்தார், நெஞ்சில் காது வைத்தார், "துடிப்பு நின்னுட்டுது" என்றார், மண்ணில் முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் விலாவை அமுக்கத் தொடங்கினார். முப்பது அமுக்கு, மூக்கில் இரண்டு ஊது, திரும்ப முப்பது. ஊதுவதற்கும் ஆள் கிடைத்தது. வேகம் தவறாமலிருக்கக் கன்னையாவைத் தப்படிக்கச் சொன்னார்.

"சாவுக்கு அடிக்கிறதுதாங்க டாக்டரம்மா இந்த வேகத்துக்குச் சரியா வரும்."

"அதையே அடிங்க. நிப்பாட்டாதீங்க!"

என் முற்றத்தில் சாவுத் தப்புக் கேட்டால் லயத்தார் என்ன நினைப்பார்கள்? கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த சுப்பம்மா வாசலிலேயே ஒப்பாரி வைத்தாள். நான் கீழே இருந்ததால் அவள் கண்ணில் படவில்லை.

"யாருக்குடி அழுற?"

"ஒங்களுக்குத்தாங்க கிளாக்கரம்மா... ஐயோ, பேசுறீங்களே!"

அதற்குள் செய்தி கொழும்புவரை போய்விட்டது.

நான்காம் சுற்றில் மேஜர் இருமினான். எல்லோரும் கத்தினார்கள், டாக்டர் கத்தவில்லை. துடிப்பை எண்ணினார், அவனை வேனில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், கை கழுவினார், "அடுத்த நாய்" என்றார். வேலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் சொல்வார்கள். எழுபத்தொன்பது வயதில்தான் அதைக் கண்ணால் கண்டேன்.

உன் மனைவி மக்களுக்கு என் ஆசிகள். பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
அத்தை மரகதவல்லி

பி.கு.: ஊதியது நான்தான். டாக்டருக்குக் கைகள் ஓயவில்லை, மற்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். நன்றாக ஊதினேன் என்று டாக்டரே சொன்னார். இனி என் வீட்டில் கை நனைப்பாயா, மாட்டாயா என்பதைப் போனில் சொல்லாமல் எழுத்தில் தெரிவிக்கவும்.