பெரியம்மாவின் கடைசி வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் கைகூப்பி எழுதுவது.

இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். அங்கேயும் எல்லாரும் நலமாக இருந்தால், இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீங்கள் மட்டும் கிளம்பி வரவும். உங்கள் வீட்டில் அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் உங்கள் தங்கைக்குப் போன் போடுவார், அது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகாகிவிடும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கத்துவீர்கள். கடிதத்தில் கடைசிவரை நான்தான் பேசுவேன், அதனால்தான்.

மச்சான், எங்கள் சம்பந்தம் பேசிய அன்று உங்கள் அம்மா, "மாப்பிள்ளைக்கு ராணுவத்துல வேலைன்னு சொல்றாங்களே, ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். நீங்கள் உடனே மார்தட்டிக்கொண்டு, "அம்மா, அவர் விமானத் தளத்துல குமாஸ்தா. பேனா மூடி தொலைஞ்சாதான் ஆபத்து" என்று சொன்னீர்கள். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னது பொய் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அது முழு உண்மை. வியாழக்கிழமை மட்டும் நான் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

எங்கள் தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் உண்டு. கடலில் தத்தளிப்பவர்களைத் தேடிப் பிடித்து, கயிறு விட்டுத் தூக்கி வருவதுதான் அதன் வேலை. நாற்பத்தொரு வருஷ சர்வீஸ். நாங்கள் அதைப் பெரியம்மா என்போம். எங்கே யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கும், வரும்போதே ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு வரும், அதனால் அந்தப் பெயர். தூக்கிப் பழகுவதற்கு வாராவாரம் ஒரு ஆள் வேண்டும். முன்பு மணல் அடைத்த ஒரு பொம்மை இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அந்தப் பொம்மை தையல் பிரிந்து கடலடிக்குப் போய்விட்டது. அன்றைய விமானி அலுவலகத்துக்குள் வந்து, "இங்க யாருக்காவது நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். மற்ற ஏழு பேரும் சட்டென்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். புது ஆள் என்பதால் எனக்கு மட்டும் தலையை நிமிர்த்துகிற கெட்ட பழக்கம் இருந்தது. அன்று ஆரம்பித்தது மச்சான், இருபத்திரண்டு வருஷம், ஆயிரம் தடவைக்கு மேல் மூழ்கியிருக்கிறேன். படகிலிருந்து குதிப்பேன், தத்தளிப்பேன், கையை ஆட்டி அலறுவேன், பெரியம்மா வந்து தூக்குவாள், மதியம் இரண்டு மணிக்கு மேசைக்குத் திரும்பி விடுப்பு விண்ணப்பங்களை வரிசையாக அடுக்குவேன். என்னைப்போல் நம்பும்படி மூழ்க ஆள் கிடையாது என்று மூன்று தளபதிகள் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

இதை உங்கள் தங்கையிடம் எப்படிச் சொல்வது? முதல் வருஷம் பயந்து சொல்லவில்லை. இரண்டாம் வருஷம், முதல் வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயந்து சொல்லவில்லை. அப்படியே வருஷம் போய்விட்டது. ஆனால் வியாழன்தோறும் ஈரத்தலையோடு வீட்டுக்கு வருகிறவன் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். முதுகு வலி, டாக்டர் நீந்தச் சொன்னார், தளத்துக் குளத்தில் நீந்துகிறேன் என்று சொல்லிவைத்தேன். அவள் பாவம், அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து கேஸ் சிலிண்டர் அவள்தான் தூக்குவாள். அரிசி மூட்டை அவள். பீரோ நகர்த்துவது அவள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று சொல்வேன்.

போன வியாழக்கிழமை பெரியம்மாவுக்கு ஓய்வு விழா. அவளுக்கு வேண்டிய உதிரிப் பாகம் எதையும் இப்போது யாரும் செய்வதில்லை. புது ஹெலிகாப்டர் ஏற்கெனவே வந்து கொட்டகையில் பளபளவென்று நிற்கிறது. திங்கட்கிழமை காகிதத்தில் கையெழுத்து ஆகும்வரை அது பறக்கக் கூடாது என்பது விதி. விழாவுக்கு எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார் தளபதி. விழாவில் பெரியம்மா கடைசியாக ஒரு ஆளைக் கடலிலிருந்து தூக்கிக் காட்டுவாள் என்றும் சொன்னார். "சார், இந்த ஒரு தடவை வேற யாராவது மூழ்கட்டுமே" என்றேன். அவர் என் தோளில் கைபோட்டு, "யோவ், இத்தனை வருஷம் உன்னைத் தூக்கினவ. கடைசியா வேற எவனையோ தூக்கச் சொன்னா அவளுக்கு மனசு ஒப்புமா?" என்றார். ஒப்புக்கொண்டேன். தலைக்கவசம் இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பு கழுத்துவரை இருக்கிறது, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று தைரியம். உங்கள் தங்கையிடம், விருந்தாளிகளுக்குத் தேநீர் ஏற்பாடு என் பொறுப்பு, நான் உள்ளே இருப்பேன் என்று சொல்லி, முதல் வரிசையில் தளபதியின் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கடலுக்குப் போனேன்.

எனக்குத் தெரியாமல் இன்னொரு ஏற்பாடும் நடந்திருந்தது. ஹெலிகாப்டரில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசுவதை விழாவுக்கு வந்தவர்களும் கேட்கட்டும் என்று ரேடியோவை ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டார்கள். அந்த யோசனை யாருடையது என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் மூழ்கினேன், மிகப் பிரமாதமாக மூழ்கினேன். பெரியம்மா வந்தாள், கயிறு இறங்கியது, மீட்பு வீரர் என்னைப் பட்டையில் மாட்டினார், கரையில் கைதட்டல். நான் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், காதுக்குள் ரேடியோ அலறுகிறது. கடல்முனைக்கு அந்தப் பக்கம் ஒரு படகு கவிழ்ந்துவிட்டது, இரண்டு பேர், நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கிறது. புதுசு பறக்க முடியாது. என்னை இறக்கிவிட நேரமில்லை. "உள்ள இழுத்துப் போடு அந்த ஆளை!" என்றார் விமானி. போட்டார்கள். பெரியம்மா அப்படியே மூக்கைத் திருப்பினாள் பாருங்கள், நாற்பத்தொரு வயதில் அந்த வேகம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆயிரம் தடவை பொய்யாகத் தூக்கப்பட்டவன், முதல்முறையாக நிஜத்தைப் பார்க்கப் போகிறேன்.

கவிழ்ந்த படகின் முதுகில் ஒரு மாமனாரும் ஒரு மருமகனும் இருந்தார்கள். அந்த நிலையிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகனுக்குக் கையில் அடி, அவரை முதலில் தூக்கியாயிற்று. மாமனார்தான் வரமாட்டேன் என்றார். கயிற்று நுனிக் கொக்கி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, அதைத் தள்ளிவிடுகிற ஆத்திரத்தில் பிடித்திருக்கிறார். விசிறி சுற்றுவதில் சேர்கிற மின்சாரம் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பவர் கையில் சுளீரென்று அடிக்கும். அடித்தது. ஹெலிகாப்டருக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். நெருங்கிய மீட்பு வீரரின் மூக்கில் ஒரு குத்து. ரத்தம் வழிய மேலே வந்தார் பாவம். பாறைக்கு இன்னும் சிறிது தூரம்தான். விமானி திரும்பி என்னைப் பார்த்தார். "தொங்கறதுல உன்னைவிட அனுபவஸ்தன் இங்க எவனும் இல்ல. இறங்கிப் பேசு" என்றார். விதிப் புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

இறங்கினேன். அவர் காதருகே போய்க் கத்தினேன். தலைக்கவசத்தில் மைக் இருப்பது நினைவே இல்லை.

"ஐயா, பட்டைக்குள்ள வாங்க! கையை மட்டும் தூக்காதீங்க, நழுவிடுவீங்க. பயமா இருந்தா தாராளமா பயப்படுங்க, ஆனா கையை இறக்கி வெச்சுக்கிட்டுப் பயப்படுங்க!"

"பயமா? எனக்கா? மேல அவன் உக்காந்திருக்கான்யா! படகுல எந்திரிச்சு நிக்காதீங்க மாமான்னு சொன்னான், நான் நின்னேன், கவுந்துடுச்சு. இப்ப மூட்டை மாதிரி நான் தொங்கறதையும் பார்த்தான்னா, வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கும்?"

"மரியாதையா? ஐயா, நான் இருபத்திரண்டு வருஷமா வாராவாரம் தொங்கறேன்! என் பொண்டாட்டிக்கே தெரியாது! முதுகு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்!"

அவர் படகைப் பிடித்திருந்த கை லேசாகத் தளர்ந்தது. "நம்பறாங்களா?"

"நம்பறாளான்னா கேக்கறீங்க! கேஸ் சிலிண்டரையே அவதான் தூக்கறா! என் முதுகு இரும்பு மாதிரி இருக்கு, தெரியுமா? வீட்டுல என்னை ராஜா மாதிரி வெச்சிருக்கா. தொங்கறதுல ஒண்ணுமில்ல ஐயா, அப்புறம் வீட்டுல என்ன சொல்றோம்கறதுலதான் எல்லாம் இருக்கு!"

அவர் சிரித்துவிட்டார். அலை முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு கையும் விட்டது, பட்டையை மாட்டிவிட்டேன். நாங்கள் இருவரும் மேலே போகும்போது கீழே படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. பெரியம்மா தூக்கிய கடைசி ஆள் நான் இல்லை, அந்தப் பிடிவாதக்காரர்தான். மேலே போனதும் மருமகன் தன்மேல் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மாமனார்மேல் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்து இறங்கினோம். தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று மரியாதைக்குத் தண்ணீர் பீய்ச்சின. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது, சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. விசிறி மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அத்தனை வருஷச் சத்தம் நின்றதும் காது வெறுமையாக இருந்தது. நான் பெரியம்மாவின் வயிற்றில் கைவைத்தேன். இன்னும் சூடாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூடக் கீழே விட்டதில்லை மச்சான், என்னையும் சேர்த்து. வெட்கமில்லாமல் அழுதேன். நிமிர்ந்து பார்த்தால், முதல் வரிசையில் எல்லாரும் நிற்க, ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"முதுகு எப்படி இருக்கு?"

அதோடு சரி. வியாழக்கிழமையிலிருந்து இன்று திங்கட்கிழமைவரை என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. தளபதி கொடுத்த ஒரு வார விடுப்பில் நான் வீட்டில் கிடக்கிறேன். பேசுவதெல்லாம் கட்டளைகள்தான். வெள்ளிக்கிழமை, "பீரோ அந்தச் சுவருக்கு." சனிக்கிழமை, "இல்ல, இந்தச் சுவருக்கு." நேற்று சிலிண்டரைச் சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் நான்கு முறை தூக்கினேன், இத்தனைக்கும் அதில் கேஸ் இன்னும் தீரவே இல்லை. இப்போது எனக்கு நிஜமாகவே முதுகு வலிக்கிறது, அதைச் சொல்லத்தான் வாயில்லை. வேலை ஏவுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள், அதுதான் தாங்கவில்லை.

ஆகவே நீங்கள் வந்து நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும். நான் செய்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகச் சொல்லுங்கள். இனி இந்த ஜென்மத்தில் கடலில் கால் நனைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ததாகச் சொல்லுங்கள். புது ஹெலிகாப்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும் என்று தளபதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன், அதையும் காட்டுங்கள். ஹெலிகாப்டரை நினைத்தாலே இந்தக் குடும்பத்தில் இனி ஒருவருக்கும் நிம்மதி கிடையாது என்றும் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளர மனமார வாழ்த்துகிறேன். உண்மையைச் சொல்லும் தைரியமும் அவர்களுக்கு வாய்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை வந்துவிட்டாள். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் போனவள், தளத்துக்குப் போய்த் தளபதியைப் பார்த்திருக்கிறாள். புது ஹெலிகாப்டருக்குக் கையெழுத்து ஆகிவிட்டதாம், மூழ்குவதற்கு ஆள் தேவையாம், நீச்சல் சோதனை வைத்தார்களாம், என்னைவிட வேகமாக நீந்தினாளாம். அவளுக்கு ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானாமே? இத்தனை வருஷம் அதை என்னிடம் மறைத்திருக்கிறீர்களே மச்சான், இது நியாயமா? "ஆபத்து, வேண்டாம்மா" என்று கெஞ்சினேன். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "மேலேருந்து நம்ம வீடு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "மொட்டைமாடி?" தெரியும். "நான் துணி காயப்போடறது?" ஒவ்வொரு வியாழக்கிழமையும் பார்த்தேன் என்றேன். "ஆயிரம் தடவை நீங்க என்னைப் பார்த்திருக்கீங்க. ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் நிமிர்ந்து கை காட்டியிருப்பேன்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால் மேலே எழுதியிருக்கும் எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம், கிளம்பவும் வேண்டாம். வரும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது உத்தரவு.