வாகைப்புதூருக்கு வந்த கொற்கைக் கடல்

மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளில் ரேஷன் கடை வாசல் வெறிச்சோடிக் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தொண்ணூற்றைந்தாம் வருஷம், பங்குனி மாதம், எங்கள் வாகைப்புதூரில். கடையில் எடை போடுகிறவன் நான்தான். வாங்க ஆள் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் கடையைத் தாண்டிப் போய்க் குளத்தங்கரையில் ஆட்களை இறக்கிவிட்டன. நாங்குநேரியிலிருந்து தனி வேன் வந்தது. சர்பத் வண்டி நாலு, பலூன்காரன் ரெண்டு பேர், இடையில் ராட்டினம் வேறு. அத்தனை பேரும் எதற்கு வந்தார்கள்? கடல் சத்தம் கேட்க வந்தார்கள்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஐம்பது மைல். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

கதை மாசி நடுவில் தொடங்கியது. குளம் வற்றியதும் வயலுக்கு உரமாகக் கரம்பை மண் அள்ள வந்த டிராக்டரின் பின்சக்கரம் கரையோரமாகப் புதைந்தது. மண்ணை விலக்கிப் பார்த்தால் செங்கல் கட்டிய ஒரு துவாரம், இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். கரைக்கு அடியில் புகுந்து எங்கோ போனது. பழைய செங்கலும் இருட்டும் ஓர் இடத்தில் சேர்ந்தால் நம்மவர்கள் வைக்கிற பெயர் ஒன்றுதான்: சுரங்கப்பாதை.

காந்திமதிநாதன் பிள்ளை ஓடி வந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சரித்திரம் என்றால் அவருக்குப் பித்து. குடைக்கம்பால் செங்கலைத் தட்டினார், முகர்ந்தார், அறிவித்தார்.

"பாண்டியன் செங்கல்வே இது! பகைவன் வந்தா ராஜா குதிரையேறி நேரா கொற்கைத் துறைமுகத்துக்குப் போற வழி. அங்கன கப்பல் தயாரா நிக்கும்."

"அண்ணாச்சி, ரெண்டடி ஓட்டையில குதிரை எப்படிப் போவும்?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துக் குதிரை குனிஞ்சு போவும்வே. உமக்கு அரிசி நிறுக்கத்தான் தெரியும்."

வாயை மூடிக்கொண்டேன். பத்து நாளில் இந்தக் குனிகிற குதிரையைப் பற்றி அவர் ஒரு சிறு பிரசுரமே அச்சடித்துவிட்டார்.

அதைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ, அடுத்த வாரமே கயல் சித்தர் வந்து சேர்ந்தார். மார்பில் மீன் பதக்கம், தோளில் மீன் போட்ட பட்டு, தாடியில் மட்டும் மீன் இல்லை. போன பிறவியில் பாண்டியனின் கடல் அமைச்சராக இருந்தாராம். துவாரத்துக்கு மேல் பந்தல் போட்டார், அதன் வாயில் ஒரு பித்தளைப் புனலை வைத்தார், கண்ணை மூடினார்.

"காதை வையுங்கள். கொற்கை பேசும்."

வைத்தார்கள். பேசியது! ஸ்ஸோ என்று அலை அடிக்கிற சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. முதலில் கேட்ட எங்கள் ஊர் நீலாம்பாள் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் ஐந்நூறு பேர் வந்தார்கள்.

கடல் சத்தம் சும்மா கேட்டால் போதுமா? சித்தர் பலன் சொன்னார். இந்தத் தாமிரபரணிக் கரையில் யாருக்கு என்ன நோய் வந்தாலும், என்ன காரியம் தடைபட்டாலும், காரணம் ஒன்றுதானாம்: சுரங்கம் அடைபட்டதால் வம்சத்தின் மூச்சு அடைபட்டுவிட்டது. காதை வைத்தவரின் முன்னோர் யார் என்பதையும் அவரே சொல்வார். நீலாம்பாளின் முன்னோர் அரண்மனை அந்தப்புரத்துத் தலைவி. சர்பத் கடைக்காரரின் முன்னோர் யானைப்படைத் தளபதி. நானும் போனேன், பொய் சொல்லவில்லை. காதையும் வைத்தேன். என் முன்னோர் அரசனின் துலாக்கோல் காத்தவராம். வீட்டுக்கு வரும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போதுதான் யோசனை வந்தது. ஊரில் எல்லாருடைய முன்னோரும் தளபதியும் அமைச்சருமாக இருந்தால், அந்தக் காலத்தில் நாற்று நட்டது யார்? சாணி அள்ளியது யார்? யோசித்தேன், ஆனால் வெளியே சொல்லவில்லை. துலாக்கோல் காத்தவரின் பேரன் என்ற பட்டம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

சொன்னவள் ஒருத்திதான். இசக்கித்தாய். வயல்வேலைக்குப் போகிறவள். ஊர்க்காரன் குற்றாலலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த ஊர் எது தெரியுமா? கொற்கை. கொற்கையைப் பற்றி ஊரே பேசியது, பிரசுரம் போட்டது, பந்தல் போட்டது. கொற்கைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அவளாகத்தான் வந்து கேட்டாள்.

"சாமி, எங்க ஊர்ல ஏது கடலு? வயலும் வாழையும் குளமும்லா கெடக்கு. கடலு பாக்கணும்னா நாங்களே நாலு மைலு போவணும்."

கூட்டம் அவளை முறைத்தது. சித்தர் சிரித்தார்.

"மகளே, நீ சொல்வது இன்றைய கொற்கை. இங்கே கேட்பது ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கடல். சுரங்கத்துக்குள் ஒலி சாவதில்லை."

"ஆகா!" என்றார் காந்திமதிநாதன் பிள்ளை. சித்தர் ஆள் கெட்டிக்காரர். கொற்கை பெரிய துறைமுகமாக இருந்தது உண்மை. கடல் விலகிப் போனதும் உண்மை. இரண்டு உண்மையையும் அரைத்து அதற்குள் தன் பொய்யை வைத்து உருட்டிக் கொடுத்தார். நாங்கள் மென்று விழுங்கினோம்.

இசக்கித்தாய்க்கு வாயை மூடிக்கொண்டு போக முடியாத காரணம் இருந்தது. குற்றாலலிங்கத்துக்கு வலிப்பு உண்டு. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் நாலு வருஷமாக அது ஒரு தடவைகூட வராமல் இருந்தது. அவன் போய்ப் புனலில் காதை வைத்தான். "உன் முன்னோன் இந்தச் சுரங்கத்தின் காவலாள். காவல் நேரத்தில் தூங்கினான். அந்தச் சாபம்தான் உன்னை உலுக்குகிறது" என்றார் சித்தர். பரிகாரமும் சொன்னார். மாத்திரைகளைச் சுரங்கத்துக்குள் போட்டுவிட வேண்டும். வருஷப் பிறப்பான சித்திரை விசு அன்று காலை சுரங்கத்தில் கடலின் உத்தரவு கேட்டு, ஆற்றில் கசத்துப் படித்துறையில் நாற்பத்தோரு முழுக்குப் போட வேண்டும். அதுவரை பெண்டாட்டி பந்தலைக் கூட்டித் தெளிக்க வேண்டும்.

கசம் என்றால் ஆற்றில் ஆள் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடம். வலிப்பு உள்ளவன், மாத்திரை இல்லாமல், அங்கே நாற்பத்தோரு தடவை தலையை முக்க வேண்டுமாம்!

"இந்தாங்க, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், மாத்திரைய மட்டும் விட்டுராதிய" என்று அழுதாள் இசக்கித்தாய்.

"ஏட்டி, போ! நாலு வருசமா முழுங்கிட்டுத்தான இருக்கேன், சொகமாச்சா? சாமி அடியோட தீத்து வைக்கேன்னு சொல்லுதாரு." அட்டையோடு எறிந்துவிட்டான். அவன் மட்டுமா? சர்க்கரை மாத்திரை, இருமல் மருந்து, மூக்குக்கண்ணாடி என்று ஊரே எறிந்தது.

பதினெட்டாம் நாள் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்தான். வலது கை கொதிக்கிற உலையில் பட்டு வெந்துபோனது. சித்தர் அதற்கும் பலன் வைத்திருந்தார். "நல்லது. சாபம் வெளியேறுகிறது." கட்டுப்போட்ட கையோடு குற்றாலலிங்கம் அதைக் கேட்டுச் சிரித்ததைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. சித்தர் மேல் பாதி, வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் பாதி.

பந்தல் கூட்டப்போன இசக்கித்தாய்க்குக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே இடத்தில் வேலை. வந்தவர்கள் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் நாள் முழுக்கக் கேட்டாள். அரைமணிக்கு ஒரு தடவை கடல் நின்றுபோகும். "ஓதம் வற்றுகிறது, சமுத்திரராஜன் இளைப்பாறுகிறார்" என்பார் சித்தர். மூன்று நிமிஷத்தில் ராஜன் எழுந்து மறுபடியும் வேலைக்கு வந்துவிடுவார்.

அலைக்கு நடுவே ஒரு கூவலும் கேட்கும். "...ண்டேல்ல்... ண்டேல்ல்..." காந்திமதிநாதன் பிள்ளை அதைக் கேட்ட அன்று கண்ணீர் விட்டார்.

"யவனன்வே! கொற்கை முத்து வாங்க வந்த யவன வியாபாரி கூவுதான். இது கிரேக்க பாஷை!"

இரண்டாவது பிரசுரமும் அச்சுக்குப் போனது.

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு வசனம் மனப்பாடம் ஆகிவிடும் இல்லையா? இசக்கித்தாய்க்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்டார்கள்?

சித்திரை விசு. விடிந்தும் விடியாமலும் இரண்டாயிரம் பேர் கூடிவிட்டார்கள். ஈர வேட்டியோடு குற்றாலலிங்கம் புனலுக்கு முன்னால் நின்றான். விசேஷ நாள் என்பதால் சித்தர் மைக் வாடகைக்கு எடுத்துப் புனலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். அவர் தலையில் அவரே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அங்கேதான். கடல் இப்போது ஊருக்கே கேட்டது.

"சமுத்திரராஜனே, உத்தரவு கொடு!" என்று சித்தர் கையைத் தூக்கினார்.

இசக்கித்தாய் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"பொறுங்க எல்லாரும். இப்பம் காக்கா கத்தும், ரெண்டு தடவ."

ஒலிபெருக்கியில்: கா, கா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சித்தரின் தூக்கிய கை அப்படியே நின்றது.

"இப்பம் பெரிய அல ஒண்ணு வரும்."

வந்தது.

"இனி நாயி. மூணு தடவ கொலைக்கும்."

வள், வள், வள்.

"அடுத்தாப்ல பொம்பள ஒருத்தி, 'ஏட்டி, செருப்ப எடுத்தியா'ம்பா."

மங்கலாகத்தான் கேட்டது. ஆனால் என்ன தேட வேண்டும் என்று தெரிந்துவிட்ட இரண்டாயிரம் பேருக்கும் கேட்டது. பாண்டியநாட்டுப் பெண் ஒருத்தி, ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால், நல்ல திருநெல்வேலித் தமிழில் செருப்பைக் கேட்டாள்.

"பொறவு, அய்யாவோட யவனன். நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்கய்யா. தேங்கா, மாங்கா, பட்டாணி..."

"...ண்டேல்ல்!" என்றது ஒலிபெருக்கி. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த கிரேக்க பாஷை!

காந்திமதிநாதன் பிள்ளை குடையைத் தவறவிட்டார்.

இப்போது கூட்டம் சித்தர் மேல் பாய்ந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். நீலாம்பாள், "ஆத்தா! வரப்போறத முன்கூட்டியே சொல்லுதாளே! இவளுக்குள்ள அம்மன் எறங்கிட்டா!" என்று அலறினாள். அடுத்த நொடி இருபது பேர் இசக்கித்தாய் காலில் விழுந்தார்கள். ஒருத்தி கைப்பிள்ளையை அவள் பாதத்தில் கிடத்தினாள். சர்பத் கடைக்காரர் மாலையைத் தேடி ஓடினார். சித்தர்கூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவள் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். தொழில் தெரிந்தவர், கூட்டாளி சேர்க்கப் பார்த்தார்.

"எந்திரிங்க!" இசக்கித்தாய் போட்ட சத்தத்தில் மைக் கிறீச்சிட்டது. "என் மேல எவளும் எறங்கல. இது கேசட்டு! ஒரே பாட்டத் திருப்பித் திருப்பிப் போட்டா, அடுத்த வரி ஒங்களுக்குத் தெரியாதா? வாங்க எம் பொறத்தால!"

விறுவிறுவென்று குளத்தங்கரையில் ஏறி மறுபக்கம் இறங்கினாள். இரண்டாயிரம் பேரும் பின்னால் போனோம். கரையைத் தாண்டியதும் முள்மரங்கள் அடர்ந்த உடங்காடு. முள்ளுக்குள் ஒரு ஒற்றையடித் தடம் புதிதாக விழுந்திருந்தது. அதன் முடிவில் அதே செங்கல், அதே இரண்டடித் துவாரம். ராஜா ஐம்பது மைல் குதிரையில் போன சுரங்கம் முப்பது தப்படியில் முடிந்துபோயிருந்தது.

துவாரத்து வாயில் பேட்டரியில் ஓடுகிற டேப் ரிக்கார்டர். அதன் பக்கத்தில் துண்டை விரித்து, வாயில் இட்டிலியோடு உட்கார்ந்திருந்தவன் கார்த்திகேசன், சித்தரின் மச்சினன். சமுத்திரராஜனைத் தட்டி எழுப்புகிறவன் அவன்தான். அருகே ஒரு சாக்கு. ஊர் எறிந்த மருந்தையெல்லாம் உள்ளே தவழ்ந்து போய்த் துரட்டியால் இழுத்துச் சேர்த்து, மாத்திரை தனி, மருந்து தனி, கண்ணாடி தனி என்று அழகாகப் பிரித்து வைத்திருந்தான். நோய்க்கு மருந்து வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு மருந்தின் அருமை தெரிந்திருந்தது.

"சித்தன எங்கலே?" என்று யாரோ கத்தினார்கள். கரைமேல் ஏறிப் பார்த்தால், குளத்துக்குள் ஒரு மொபெட் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மீன் போட்ட பட்டு காற்றில் பறந்தது.

இசக்கித்தாய் அதைப் பார்க்கவே இல்லை. சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். புருஷனின் அட்டையை எடுத்தாள், ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தான். யாரோ நீட்டிய சர்பத்தை ஊற்றி விழுங்கவைத்தாள். விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காந்திமதிநாதன் பிள்ளைக்கு மட்டும் ஆசை விடவில்லை. "அப்பம் இந்தத் தொவாரம் என்னதான்ம்மா? செங்கலு பழசுதான?"

"மடைதான் அய்யா. எங்க ஊர்க் குளத்துலயும் இதே மாதிரி உண்டு. வயலுக்குத் தண்ணி போன வழி. புது மடை கெட்டுன பொறவு இத மறந்துட்டாவ. அம்புட்டுதான்."

"மடைதானா!" என்று கூட்டம் சப்புக்கொட்டிக் கலைந்தது. ராஜா ஓடி ஒளிந்த வழி என்றால் கும்பிடுவோம். நம் முப்பாட்டன் கல்லும் மண்ணும் சுமந்து, ஊருக்குச் சோறு போடக் கட்டிய வழி என்றால் மூஞ்சியைச் சுளிப்போம். ஒரு வாரத்தில் அந்தத் துவாரத்தில் ஊர் குப்பை கொட்ட ஆரம்பித்தது.

அடுத்த மண்ணெண்ணெய் நாளில் என் கடை வரிசை பழையபடி தெரு முனைவரை நின்றது. குடும்ப அட்டையோடு இசக்கித்தாயும் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற நீலாம்பாள் பைய அவள் காதருகே குனிந்தாள்.

"நீ மறைக்காதட்டி. ஒனக்கு ஏதோ சக்தி இருக்கு. எம் மவளுக்கு எப்பம் கல்யாணம் ஆவும்னு சும்மா ஒரு வார்த்த சொல்லேன்."

இசக்கித்தாய் திரும்பினாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி, எனக்கும் சேர்த்துத்தான், சொன்னாள்.

"வலது காது, எடது காதுன்னு ரெண்டையும் கொண்டாந்து அந்த ஓட்டையில வச்சீயளே, ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குல்லா, அத எங்கன வச்சுட்டு வந்தீய?"