திலமோர் என்றொரு சிந்தனையாளர்

யோகலிங்கம் மூன்றாம் தடவையும் தாள்களை எண்ணிப் பார்த்தான். நாலாம் பாடத்தின் ஆறு தாள்களும் இல்லை.

"வயலுக்கை யானை வந்திட்டுது. விறகெல்லாம் ஈரம். பந்தம் கொளுத்த எடுத்தனான்," என்றார் தகப்பன் ஏரம்பு. "ஆறு தாள்தானேயடா. கொப்பி மொத்தமாக் கிடக்கு."

ஐரோப்பாவில் தனிமனித சுதந்திரம் என்ற எண்ணம் வளர்ந்த வரலாறு, எட்டுப் பாடங்கள். தமிழில் புத்தகம் கிடையாது. மாற்றலாகிப் போன மாஸ்டர் ஆங்கிலத்திலிருந்து கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே கொப்பி அது. முதலில் கடைக்காரர் மகன் முத்தலிப், பிறகு நாகேஸ்வரி, கடைசியாக யோகலிங்கம் என்று வாய்க்கால் தண்ணீர் போல முறை வைத்திருந்தார்கள். கொப்பியைப் பழுதாக்குகிறவனின் பெயரைச் சோதனைக்கு அனுப்பமாட்டேன் என்று புது மாஸ்டர் சிற்றம்பலம் சொல்லியிருந்தார். பெயர் போகாவிட்டால் ஆயுள் முழுக்க மண்வெட்டிதான்.

பழைய மாஸ்டரின் சரிந்த எழுத்தைப் பழகி, ஆறு தாளையும் அவனே எழுதினான். திலமோர் என்று ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிறப்பித்தான். மதகைத் திறக்கும் சாவி ஒரே அதிகாரியிடம் இருக்கக் கூடாது என்பது திலமோரின் தலையாய கொள்கை.

சிற்றம்பலம் மாஸ்டருக்குத் திலமோரை நன்றாகப் பிடித்துவிட்டது. தவணைச் சோதனையில் இருபது புள்ளிக்குக் கேட்டார். யோகலிங்கம், திலமோர் அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லிப் பார்த்தான். அதைத் தீர்மானிக்க நீ யார் என்று ஏசிய மாஸ்டர், அந்தப் பாடத்தைப் பிரதி எடுத்துப் பளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவைத்தார். அங்கே பதினொரு பேர் அதை மனப்பாடமாக்கினார்கள்.

பெரிய சோதனைக்கு முதல்நாள் வந்தது. நாகேஸ்வரி சோதனையில் தவறினால் கண்டாவளையில் மாப்பிள்ளை தயாராக இருந்தார். அந்தப் பாவமும் தன் தலையில் விழுமென்று பயந்து அவளைத் தேடிப் போனான்.

"திலமோரை எழுதிப்போடாதையும். அப்பிடி ஒரு ஆள் இல்லை. யானை வந்த அண்டைக்கு அந்தப் பாடம் எரிஞ்சு போச்சு. நான்தான் எழுதினனான்."

நாகேஸ்வரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்பிடாதையும். மற்ற ஏழு பாடமும் இருக்குத்தானே. நான் ஒரு வரி விடாமல் பாடமாக்கிப் போட்டன்."



"கடைசி நாலும் எங்கடை கூரை ஒழுகி அழிஞ்சு, நான் எழுதினது," என்றாள். "முதல் மூண்டும் முத்தலிப் எழுதினதாம்."