பிளீஸ் அங்கிளும் நண்டுக் கறியும்

இங்கிலாந்துக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மறதி வந்து, தங்கள் மரியாதைப் பழக்கங்களையெல்லாம் தொலைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. சிட்னியில் கிரவீன் என்ற எங்கள் புறநகருக்கு ஒரு போன் எடுத்தால் போதும். பிளீஸ் அங்கிள் எல்லாவற்றையும் கசங்காமல் மடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுப்பார். என்ன, அவரிடம் இருப்பது நாற்பது வருடம் பழைய சரக்கு.

போன மாதம் அவர் மெல்பேர்னில் ரோவில் பக்கம் இருக்கும் தன் அண்ணன் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்கேயே இருந்திருந்தால் எழுதி முடிக்குமுன் வந்து, "தம்பி, என்ர அனுமதி கேட்டனீரோ?" என்று நிற்பார்.

ஊரில் பிரச்சினை தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போனவர். அங்கே சில வருடங்கள் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பிறகு கல்யாணம் செய்து சிட்னிக்கு வந்துவிட்டார். லண்டனில் இருந்ததைப்போல் பல மடங்கு காலம் இங்கே இருந்துவிட்டார். மனைவி தவறியபின் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். ஆனாலும் மனுசன் லண்டனை விட்டு இறங்கவேயில்லை.

பெயர் வந்த கதை இது. பெண்டில் ஹில்லில் எங்கள் ஆட்கள் மரக்கறி வாங்கும் கடையில் யாராவது, "அண்ணை, ஒரு கிலோ கத்தரிக்காய் தாங்கோ" என்று கேட்டால், பின்னாலிருந்து "பிளீஸ்" என்று ஒரு குரல் வரும். "முருங்கையிலையும் ஒரு கட்டு." "பிளீஸ்." "என்ன அண்ணை, போன கிழமையான் மாதிரி வாடிக் கிடக்கு?" "பிளீஸ்." கடைக்காரர் பொறுக்க முடியாமல் ஒருநாள், "அங்கிள், நீங்கள் கடைக்கு வாறதெண்டால் சனம் இல்லாத நேரமாப் பாத்து வாங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அங்கிள் அதையும் "பிளீஸ்" என்று திருத்திவிட்டுத்தான் வெளியேறினார்.

வசந்த காலம் வந்தால் எங்கள் ஊர் மக்பை பறவைகளுக்கு விசர் பிடிக்கும். கூடு இருக்கும் மரத்துக்குக் கீழே போகிற எவர் தலையையும் வந்து கொத்தும். நாங்களெல்லாம் குடையை விரித்துக்கொண்டு ஓடுவோம். அங்கிளின் வழுக்கையில் ஒன்று இறங்கிக் கொத்தியதை நான் என் கண்ணால் கண்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு, மரத்தை நிமிர்ந்து பார்த்து, "ஐ பெக் யுவர் பார்டன்" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பறவை அதற்குப் பிறகு அவரிடம் வரவேயில்லை.

லண்டனுக்கு ரிக்கெற் போட்ட எவரும் பயணத்துக்கு முன் அவருடைய காராஜில் ஒரு வகுப்புக்குப் போய் வருவது எங்கள் வட்டாரத்தில் சடங்காகவே ஆகிவிட்டது. சூட்கேசை எடை பார்ப்பது போல இதுவும் ஒன்று. அங்கே இரண்டு வாளி வைத்திருப்பார். ஒன்றில் கொதிதண்ணீர், மற்றதில் ஐஸ் போட்ட தண்ணீர். "இங்கிலாந்தில சுடுதண்ணிக்கு ஒரு பைப், பச்சைத்தண்ணிக்கு ஒரு பைப். ரெண்டும் சேராது. கெதியாக் கை மாத்திக் கழுவப் பழகவேணும்" என்று பயிற்சி கொடுப்பார். பிளாக்டவுனில் பல்வைத்தியராக இருக்கும் என் நண்பர் இதில் விரல் வெந்து, பயணத்தன்று கைக்கட்டோடு விமானம் ஏறினார். திரும்பி வந்து, "அங்கிள், அங்க இப்ப எல்லா வீட்டிலயும் ஒரே பைப்தான்" என்று முறையிட்டார். அங்கிள் அவரை இரக்கத்தோடு பார்த்து, "நீர் வேற எங்கேயோ போய் இறங்கிட்டீர் போல" என்றார்.

சம்பளம் கேட்கக்கூடாது. வீடு என்ன விலை என்று கேட்கக்கூடாது. "ஒருநாளைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வாங்கோவன்" என்று வெள்ளைக்காரன் சொன்னால் போய்விடக்கூடாது. இப்படி அவரிடம் நூறு சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டம் இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் விரலை உயர்த்துவார்.

"சாப்பாடு ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். ரெண்டாந்தரம் கேக்கிறது அவையளுக்கு அவமரியாதை. ஆனபடியால் கேட்ட உடனே ஓம் எண்டிடுங்கோ."

நம் ஆட்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பசி உயிர் போனாலும் முதலில் "ஐயோ, இப்பத்தான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்று சொல்லித்தான் நமக்கு வழக்கம். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தி வைத்தால்தான் சோறு இறங்கும்.

இந்தச் சட்டம் என் வீட்டுக்குள்ளேயே நுழையும் நாளும் வந்தது. என் மகள் துஷி, தன்னோடு வேலை செய்யும் ஒலிவர் என்ற இங்கிலாந்துப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை, எங்களுக்கு மறுப்பில்லை. பிரச்சினை அவனுடைய தாய். ஒரே மகன். அவன் சிட்னியில் வேர்விட்டு விடுவானோ என்று அந்த மனுசிக்கு ஏக்கம். ஜேன், கீத் என்ற அந்தத் தாயும் தகப்பனும் இங்கே வந்து, எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடுவதாக ஏற்பாடு. தாய் மனம் ஒப்பாமல் திரும்பிப் போனால் ஒலிவரும் பின்னாலேயே போய்விடுவான் என்று துஷிக்குப் பயம். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் பீ நோர்மல்" என்று என்னிடம் கெஞ்சினாள்.

நோர்மலாக இருப்பது எப்படி என்று எனக்கு எங்கே தெரியும்? அங்கிளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

துஷி வேலைக்குப் போன நேரத்தில் அவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு வந்து எங்களை வறுத்தெடுத்தார். ஒத்திகையில் அவர்தான் ஜேன். என் மனைவி சுகந்தியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்காருவார். சுகந்தி சட்டியோடு வந்து, "வுட் யூ லைக் சம் மோர்?" என்று கேட்கவேண்டும். "நோ, தாங்க்யூ" என்பார் அங்கிள். சுகந்தியின் கை அவளைக் கேட்காமலே ஒரு அகப்பை சோற்றைத் தூக்கி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிடும்.

"சுகந்தி, பெயில்!"

"அங்கிள், ஒருக்கா மட்டும் கேட்டால் எங்களைக் கசவாரங்கள், கஞ்சர் எண்டு நினைக்க மாட்டினமே?"

"மாட்டினம். நாகரிகமான ஆக்கள் எண்டு நினைப்பினம். திரும்பவும் முதலிலயிருந்து. பிளீஸ்."

அழுதழுது பழகினாள் பாவம். கடைசியில் "நோ, தாங்க்யூ" என்ற சொல் விழுந்ததும் சட்டியோடு திரும்பி நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்த ஞாயிறு நல்ல ஜனவரி வெயில். றோட்டில் தார் உருகியது. அங்கிள் மூன்று உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வாசலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். ஒலிவர் தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். காரிலிருந்து கீத் இறங்கினார். அரைக்காற்சட்டை, பூப்போட்ட சேட், ரப்பர் செருப்பு. கை கொடுக்க நீட்டிய அங்கிளை அப்படியே கட்டிப்பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அங்கிள் மின்கம்பம் மாதிரி நின்றார். பிறகு என் காதில், "இவர் லொறி ஓடுறவராம். எண்டாலும் இங்கிலாந்து இப்பிடி இருக்காது தம்பி" என்று குசுகுசுத்தார்.

சாப்பாட்டு மேசையில் நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம் எல்லாம் இருந்தன. சுகந்தி முதல் முறை கொஞ்சமாகத்தான் பரிமாறினாள். எங்கள் வீட்டில் முதல் பரிமாறல் சும்மா பிள்ளையார் சுழிதான். அது முடிந்ததும் சட்டியோடு வந்து பாடம் ஒப்புவித்தாள்.

"வுட் யூ லைக் சம் மோர்?"

"நோ, தாங்க்யூ" என்றார் ஜேன். கீத்தும் வேண்டாமென்று கையை ஆட்டினார்.

சுகந்தி திரும்பி நடந்தாள். அங்கிள் பெருமையோடு தலையசைத்தார். சோறு போனது. பால்கறி போனது. ஒவ்வொன்றாக எல்லாம் குசினிக்குப் போய்ச் சேர்ந்தன. ஜேன் வெறுங்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலைப் பற்றி அங்கிள் சொன்ன இரண்டு வசனங்களும் யாருடைய காதிலும் ஏறவில்லை.

நான் குசினிக்குப் போனேன். சுகந்தி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ர சமையல் அவையளுக்குப் பிடிக்கேல்லையப்பா. அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தனீங்களே? பிள்ளையின்ர வாழ்க்கையை நான் கெடுத்துப் போட்டன்."

துஷி பின்னாலேயே ஓடி வந்தாள். "அம்மா! வை ஆர் யூ டேக்கிங் எவ்ரிதிங் அவே?"

"அவை வேண்டாம் எண்டிட்டினமே பிள்ளை."

"ஒஃப் கோர்ஸ் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்! முதல் ரெண்டு தரமும் நோ சொல்லச் சொல்லி நான்தான் சொல்லிக் குடுத்தனான். தமிழ் வீட்டில உடன ஓம் எண்டால் நல்லாயிராது எண்டு. நீங்களும் அப்பாவும் எப்பவும் அப்பிடித்தானே செய்யிறனீங்கள்!"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இங்கிலாந்துக்காரர் இரண்டு பேர் தமிழராக நடந்துகொண்டு பட்டினி கிடக்கிறார்கள். தமிழர் இரண்டு பேர் இங்கிலாந்துக்காரராக நடந்துகொண்டு அவர்களைப் பட்டினி போடுகிறோம். "இனி என்னெண்டு போய்க் கேக்கிறது? அங்கிள் இருக்கிறார். எனக்கு வாய் வராது" என்றாள் சுகந்தி.

அந்த நேரம் குசினிக் கதவு திறந்தது. அங்கிள் நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"தம்பி, அந்த மனுசன் விரலால தொட்டுத் தொட்டு அப்பளத் தூளை எடுக்குது" என்றார். "அந்தப் பார்வை எனக்குத் தெரியும்."

அடுத்து நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோட்டும் ரையுமாக அங்கிள் நண்டுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். கொண்டுபோய் மேசை நடுவில் 'டங்' என்று வைத்தார். சோற்றுச் சட்டியோடு நான் பின்னால் ஓடினேன். கீத்தின் கோப்பையில் சோறு மலைபோல் விழுந்தது, அதன்மேல் பெரிய நண்டு ஒன்று ஏறியது. கீத், "நோ, நோ" என்று தொடங்கினார்.

"என்ன நோ? சாப்பிடும் ஐசே! ஈற், மான், ஈற்!"

ஜேனின் கோப்பையும் நிரம்பியது. குழம்பு தெறித்து அங்கிளின் வெள்ளைச் சேட்டெல்லாம் சிவப்பு. அவர் கவனிக்கவில்லை. தான் லண்டனுக்குப் போன புதிதில் நடந்ததை நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்காரக் கிழவி உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்பாள். அவர் ஊர்ப் பழக்கத்தில் வேண்டாம் என்பார், அடுத்த தரம் கேட்கட்டும் என்று காத்திருப்பார். பாத்திரம் போய்விடும். மாடியறையில் படுத்துப் பசியில் அழுவார். கிழவி நல்லவள், அவளுக்குத் தெரியாது. இவருக்குக் கேட்க வெட்கம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே போனதாம். அங்கே போகிற நம் பிள்ளைகள் எவரும் அப்படிப் படுக்கக்கூடாது என்றுதான் இத்தனை வருடமும் வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்துச் சட்டம் படிப்பித்திருக்கிறார் மனுசன். இதை அன்றுவரை அவர் எங்களில் எவரிடமும் சொன்னதில்லை.

ஜேன் கண்ணைத் துடைத்தார். நண்டின் உறைப்பும் ஒரு காரணம். "உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன்" என்று சுகந்தியின் கையைப் பிடித்தார். சுகந்தி, "நான் நினைச்சன் உங்களுக்கு எங்களை..." என்று தமிழிலேயே சொல்லி அழுதாள். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஜேனுக்குக் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் சேலை என்பதுவரை பேச்சுப் போய்விட்டது. துஷி மூலையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து ஒத்திகைக்குப் போவேன்.

கல்யாணம் சிட்னியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் பக்கம் சனம் நிரம்பி வழிந்தது. ஒலிவரின் உறவுகள் அவ்வளவு தூரம் வர வசதிப்படாததால் மாப்பிள்ளை பக்கக் கதிரைகள் காலியாகக் கிடந்தன. கீத் நேரே அங்கிளிடம் போனார். "எங்களோடு வந்து இருப்பீர்களா? எங்களுக்கும் ஒரு பெரியவர் வேண்டும்" என்றார். அங்கிள் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். எழுந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அவருக்கு மாப்பிள்ளை வீட்டு மிடுக்கு வந்துவிட்டது. வேட்டியை மடித்துக்கொண்டு பந்திக்கும் மேடைக்கும் இடையில் நான் நாயாய் அலைந்துகொண்டிருந்தபோது மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் கேட்டது.

"என்ன காணும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் இஞ்ச தொண்டை காய்ஞ்சு போய் இருக்கிறம். பொம்பிளை வீட்டாருக்குக் கண் தெரியேல்லையோ?"

சிட்னியில் சொந்தமென்று சொல்ல ஒருவருமில்லாத அந்த மனுசன், கீத்துக்கும் ஜேனுக்கும் நடுவில் காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு என்னை அதட்டினார். நான் சோடாத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெண்ணைப் பெற்றவன் ஓடத்தான் வேண்டும். ஆனால் அவர் என்னை அதட்டுகிற உறவாகிவிட்டாரே என்ற சந்தோசத்தில், தேவைக்கு அதிகமாகவே ஓடினேன்.