கெர்னல் பாய் இருமுறை வழங்கிய பூந்தி

உலகத்துக் கணினிகளின் வாயை அடைத்து, தாமே மீண்டும் திறந்துவிட்ட பெருமை பாபநாசம் கடைத்தெருவில் கெர்னல் பாய் ஒருவரையே சாரும்.

வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் உழைத்த காலம் அது. அங்கிருந்து திரும்பிய பாய், என் உரக்கடையை அடுத்து இணைய மையம் நடத்தினார். பல நாட்டார் கூடி எழுதி இலவசமாக வழங்கும் இயங்குதளமே அவருடைய கணினிகளில் ஓடும். அதன் உட்கருவாகிய கெர்னலின் மகிமையை, யூரியா வாங்க வந்தவரையும் நிறுத்திவைத்து விளக்குவார்.

அவருடைய பழைய கணினிகளில் ஒலி முனகலாக வந்தது. கெர்னலில் ஒரு வரியை மாற்றினார், முழங்கிற்று. அம்மாற்றத்தை அனுப்பிவைக்க, கெர்னலைப் பராமரிக்கும் பெரியவர்களும் ஏற்றுக்கொண்டனர். கடைத்தெரு முழுவதும் பூந்தி வழங்கினார்.

"அண்ணே, இனிமே அமெரிக்காவுல கம்ப்யூட்டர் பாடுனாலும் நம்ம பாபநாசத்து வரிதான்!"

பின்னர் பழையவற்றைத் தள்ளிவிட்டுப் புதிய கணினிகள் வாங்கி, இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றினார். அன்று காலையே அடுத்த தெரு மும்தாஜ் கைக்குழந்தையுடன் வந்தார். பிறந்த பிள்ளையின் காதில் தகப்பன் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்ல வேண்டும். ஷார்ஜாவிலிருந்த கணவர், அதற்கென முதலாளியிடம் மன்றாடிச் சிறிது நேரம் அனுமதி பெற்றிருந்தார். திரையில் அவர் முகம் தோன்றியது, உதடுகள் அசைந்தன, ஓசை இல்லை.

"என்ன பாய், ஊமைப் படமா ஓட்டுறீங்க?" என்றேன்.

"எந்தக் கூறுகெட்டவனோ கெர்னல்ல கை வச்சிருக்கான், அண்ணே! அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

ஏசிக்கொண்டே மாற்றங்களை ஒவ்வொன்றாகத் துருவினார். திடீரென ஏச்சு நின்றது. திரையில் குற்றவாளியின் பெயர் இருந்தது. அது அவருடைய பெயரே. பழைய கணினிகளை முழங்கவைத்த அவருடைய வரியே புதியவற்றை ஊமையாக்கியிருந்தது.

தம் வயலுக்காக வாய்க்காலைத் திருப்பியவர், கீழ்வயல் காய்ந்து கிடப்பதைக் கண்டவர் போலானார்.

"மாமா, அவங்க முதலாளி கூப்புடுறாரு போல. கையைக் காட்டுறாங்க பாருங்க!" என்று மும்தாஜ் பதறினார்.

பாய் அவ்வரியை நீக்கினார். ஒலிப்பகுதியை மட்டும் மீண்டும் உருவாக்கி ஏற்றினார். "அல்லாஹு அக்பர்" என்று ஷார்ஜாவிலிருந்து தகப்பனின் குரல் எழுந்தது. பிள்ளையின் காதருகே ஒலிபெருக்கியை ஏந்தி நின்றார் பாய். வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அடங்கியது.

அவர்கள் சென்றபின்னும் பாய் எழவில்லை.

"சத்தந்தான் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"நம்ம கடையில வந்துடுச்சு. மத்த ஊர்ல எத்தனை புள்ளைங்க காதைக் குடுத்துக்கிட்டு இருக்கோ!"

"அதுக்காக நம்ம தப்பை நாமளே தமுக்கு அடிக்கணுமா, பாய்?"

"பின்ன, வேற யாரு அடிப்பா?"

அவ்வண்ணமே கெர்னல் பெரியவர்களுக்கு எழுதினார்: பிழை என்னுடையது, அம்மாற்றத்தை நீக்குக.

நீக்கினார்கள். அன்றும் கடைத்தெரு முழுவதும் பூந்தி.

முதல் பூந்தியை நான் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி வாங்கினேன். இரண்டாவதை எழுந்து நின்று, இரு கைகளாலும் வாங்கினேன்.